அந்த ரத்தம் நேற்றே வந்திருக்க வேண்டும்

இரவு இரண்டரை மணி. தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டு வராந்தா. சித்தி மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தேன். பாய் விரித்துப் படுத்திருந்த பாட்டிகள், ஒயர் கூடைகள், பிளாஸ்க்குகள். சுவரோரம் சுருண்டு கிடந்த ஆண்கள். கதவு திறந்தது.

"ஏழாம் பெட் அட்டெண்டர் யாரு?"

இருபத்தைந்து வயது இருக்கும் அந்த இளைஞனுக்கு. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடினான்.

"பொண்ணு பொறந்திருக்கு. அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிக்கல. பி நெகட்டிவ். இதை எடுத்துட்டு பிளட் பேங்க் ஓடுங்க. ரெண்டு ஆளை வரச் சொல்லுங்க தம்பி, சீக்கிரம்."

கையில் ஒரு சீட்டு. அதோடு விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அதில் இருந்தது அவன் மனைவியின் ரத்தம். வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும், அதை அவன் உள்ளங்கையில் பொத்திக்கொண்ட விதம் அப்படி. மகள் பிறந்த செய்தி அவன் காதில் விழுந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

மாடிப்படியில் நின்று ஒவ்வொரு நம்பராக அடித்தான். "மாப்ளே, உன் குரூப் என்னடா? தெரியாதா? அண்ணனைக் கேளுடா..." அவனுடைய குரூப் என்ன என்று அவனுக்கே தெரியவில்லை. போனில் சார்ஜ் ஆறு சதவீதம். என் ரத்தம் ஏ பாசிட்டிவ். என்னால் கொடுக்க முடிந்தது சார்ஜர் மட்டும்தான் என்று அப்போது நினைத்தேன்.

மூன்றரைக்கு இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் குடித்திருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொருவர் படுத்துக் கை நீட்டினார். அவர் ஓ பாசிட்டிவ். "பரவால்ல, எந்த குரூப்னாலும் சரி, பதிலுக்கு ஒண்ணு வந்தா போதும்" என்றார் ஊழியர். அதற்கு வெகுநேரம் முன்பே, குளிர்பெட்டியில் இருந்த ஒரே பி நெகட்டிவ் பை பொருத்தம் பார்க்கப்பட்டு மேலே போயிருந்தது. அந்தத் தாய் பிழைத்தது அதில்தான். என்றோ ஒரு நாள், அவளை அறியாத யாரோ ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பை அது.

ஆஸ்பத்திரி வாசலில் அலைந்து திரிந்திருக்கும் பலருக்கும் தெரியாத விஷயம் இது. இன்றிரவு எடுக்கும் ரத்தத்தை இன்றிரவே ஏற்ற முடிவதில்லை. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, பால்வினை நோயான சிஃபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனைகளைத் தாண்ட வேண்டும். சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரிக்க வேண்டும். அதற்கெல்லாம் மணிக்கணக்கில் ஆகும். பிரசவம் முடிந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால், இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உயிர் போய்விடலாம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. ஓடிப்போய் ஆள் பிடித்து வருவதற்குள் ஈடுகட்டக்கூடிய கணக்கு அல்ல இது.

அந்த ரத்தம் நேற்றே வந்து காத்திருக்க வேண்டும்.

ஒரு தாய்க்காகத் தொடங்கிய தேடல்

மனிதருக்கு மனித ரத்தம் ஏற்றும் மருத்துவத்தின் தொடக்கமே இப்படியொரு பிரசவ அறைத் தவிப்பில்தான். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஆட்டு ரத்தத்தை மனிதர்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள்; சாவு விழுந்ததும் தடை வந்தது. ஏறக்குறைய 150 ஆண்டுகள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. லண்டன் மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல், பிரசவத்துக்குப் பின் ரத்தம் வடிந்தே பெண்கள் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் மறுபடி முயன்றார். மனிதருக்கு மனித ரத்தம்தான் என்று உறுதியாகச் சொன்னவர் அவர். 1818-ல் முதல் முயற்சி, நோயாளி பிழைக்கவில்லை. ஆனால் பிரசவ ரத்தப்போக்கில் கிடந்த ஒரு பெண் அவருடைய சிரிஞ்சால் எழுந்து உட்கார்ந்த செய்தி 1829-ல் அச்சில் வந்தது. ரத்தம் கொடுத்தவர் பக்கத்தில் நின்ற உதவியாளர்.

சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள். காரணம் யாருக்கும் புரியவில்லை. 1901-ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டினார். அவர் பிறந்த ஜூன் 14-ஐத்தான் 2004 முதல் உலக ரத்தக் கொடையாளர் நாளாகக் கொண்டாடுகிறோம். அப்போதும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ரத்தம் உடலை விட்டு வெளியே வந்தால் உறைந்துவிடும். 1908-ல் நியூயார்க்கில் அலெக்ஸிஸ் கேரல் ஒரு பச்சைக் குழந்தையைக் காப்பாற்ற, தகப்பனின் கைத் தமனியைக் குழந்தையின் கால் சிரையோடு சேர்த்துத் தைத்தார். தகப்பனும் பிள்ளையும் அருகருகே, ஒரே குழாயாகக் கிடந்தார்கள். கொடுப்பவர் பக்கத்திலேயே படுத்தாக வேண்டும் என்ற அந்த நிலையை மாற்றியது சோடியம் சிட்ரேட், அதாவது எலுமிச்சையில் இருக்கும் அமிலத்தின் உப்பு. 1914-ல் அதைக் கலந்தால் ரத்தம் உறையாது என்று நிரூபித்தார்கள். 1917-ல் முதல் உலகப் போரின்போது ஆஸ்வால்ட் ராபர்ட்சன் ஐஸ் பெட்டியில் ரத்த பாட்டில்களை அடுக்கிப் போர்முனைக்குக் கொண்டுபோனார். 1936-ல் மாட்ரிடில் நார்மன் பெத்யூன் அதையே வண்டியில் ஏற்றினார். 1937-ல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபான்டஸ் தன் மருத்துவமனை ஏற்பாட்டுக்கு 'ரத்த வங்கி' என்று பெயர் வைத்தார்.

கொடுப்பவரையும் பெறுபவரையும் நேரத்தாலும் தூரத்தாலும் பிரிக்க முடிந்ததுதான் இந்த வரலாற்றின் பெரிய வெற்றி என்று நான் நினைக்கிறேன். அந்தப் பிரிவினால்தான் முகம் தெரியாதவருக்குக் கொடுப்பது சாத்தியமானது. நூறு ஆண்டுகள் கழித்தும் நாம் அவர்களை மறுபடி ஒரே வராந்தாவில் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

---
பெட்டிச் செய்தி: ஒரு பையின் ஆயுள்

சிவப்பணு: 2 முதல் 6 டிகிரி குளிரில், பையில் சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள்.

தட்டணு: அறை வெப்பத்தில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில், 5 நாள் மட்டும்.

பிளாஸ்மா: உறைய வைத்தால் ஓராண்டு.

ஒரே கொடை, பிரித்தால் மூன்று நோயாளிகளுக்குப் போகும். தீபாவளிக்கு முகாம் நடத்திச் சேர்த்த தட்டணு அடுத்த வாரமே காலாவதி. தொழிற்சாலையில் செய்து நிரப்பிக்கொள்ளவும் வழியில்லை. வருடம் முழுக்க, வாரம் தவறாமல் ஆள் வந்தால்தான் உண்டு.
---

விற்றவர்களின் காலம்

இந்தியாவில் இரண்டாம் உலகப் போரின் தேவையால் கல்கத்தாவில் ரத்த வங்கி வந்தது. பிறகு பெரிய ஊர்களிலெல்லாம் பரவியது. தேவை வளர்ந்த வேகத்துக்குக் கொடை வளரவில்லை. அந்த இடைவெளியில் ரத்தம் விற்பவர்கள் வந்தார்கள். ரிக்‌ஷா இழுத்தவர்கள், தெருவோரம் படுத்தவர்கள், போதைக்கு அடிமையானவர்கள். காசுக்காக மாதத்துக்குப் பலமுறை கொடுத்தவர்கள் உண்டு. அவர்களின் ரத்தம் தண்ணீராக வெளுத்திருந்தது. நோயை மறைத்தார்கள் என்று அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவேளைச் சாப்பாடு, நோய் உண்டா என்ற கேள்விக்கான பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு, இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. ரத்த மாதிரிகளைச் சேகரித்தவர் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா. சோதனை நடந்தது வேலூரில். அதன்பிறகு, பை ரத்தம் என்றாலே பயம் வந்தது. 1989-ல் ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது. ஆனால் நாட்டின் ரத்த வங்கிகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்தக் காலத்தில் உரிமமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தன. எச்.டி.ஷோரியின் 'காமன் காஸ்' அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஜனவரி 4 அன்று வந்த தீர்ப்பு, ரத்தம் விற்பதை இரண்டு ஆண்டுகளில் முற்றிலும் ஒழிக்கச் சொன்னது. 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ரத்தம் விற்பனைப் பொருள் அல்ல.

விற்பனை ஒழிந்தது. அந்த இடத்துக்கு முழுமையாகக் கொடை வந்ததா என்றால், இல்லை. பெரும்பகுதியை நிரப்பியது சொந்தக்காரர்களின் ஓட்டம்.

"ஆள் கூட்டிட்டு வாங்க"

ரிப்ளேஸ்மென்ட். பதில் ரத்தம். ஒரு யூனிட் வேண்டுமானால் ஒரு ஆளைக் கொண்டுவா. 2002-ல் வெளியான தேசிய ரத்தக் கொள்கையே இந்த முறையைப் படிப்படியாக விட்டொழிக்கச் சொல்கிறது. இருந்தும், ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இன்றும் கேட்கும் வாக்கியம் அதுதான்.

ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரவு டியூட்டியில் ஒற்றை ஆளாக இருந்துகொண்டு, காலியாகும் குளிர்பெட்டியைப் பார்ப்பவர் வேறென்ன செய்வார்? ஆனால் இதன் விளைவுகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆள்பலம் இல்லாதவர் தோற்றுப்போகிறார். உள்ளூரில் அண்ணன் தம்பி, கட்சி, சங்கம், ரசிகர் மன்றம் என்று இருப்பவருக்கு அரை மணியில் நாலு பைக் வந்து நிற்கும். செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துக்கு யார் வருவார்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதிய தம்பதிக்கு யார் வருவார்?

இரண்டாவது, உண்மை பேசும் வாய் அடைபடுகிறது. ரத்தம் கொடுப்பதற்கு முன் ஒரு படிவம் உண்டு. மஞ்சள் காமாலை வந்ததா, பச்சை குத்தினீர்களா, உடலுறவில் ஆபத்தான பழக்கம் உண்டா என்று கேட்கும் படிவம். முகாமுக்குத் தானாக வந்தவர் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். மச்சான் ஐ.சி.யூ.வில் கிடக்க, மாமனார் வாசலில் நிற்க, ஒருவர் எப்படி 'ஆம்' போடுவார்? புதிதாகத் தொற்றியது சில நாள்களுக்கோ வாரங்களுக்கோ சோதனையில் தெரியாது. அந்த நாள்களில் நமக்குள்ள ஒரே பாதுகாப்பு அந்தப் படிவத்தில் எழுதப்படும் உண்மைதான்.

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் ஒரு இளைஞர். தன் உறவுப் பெண்ணின் பிரசவத்துக்காகக் கொடுத்திருந்தார். அது வேறொருவருக்குப் போனது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் அவர் கொடுத்தபோதே தொற்று தெரிந்திருந்தும் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் அவரே ரத்த வங்கிக்குச் சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒளித்து வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, சொன்னார். அந்த நேர்மைக்கு நாம் கொடுத்தது அவமானத்தை. ரத்தம் எடுக்கும் கை, முடிவைச் சொல்லவும் துணை நிற்கவும் நீள வேண்டும். இது இன்றும் பல முகாம்களில் நடப்பதில்லை.

மூன்றாவது, இடைவிடாமல் ரத்தம் தேவைப்படுபவர்கள். தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும், வாழ்நாள் முழுக்க. அப்படிப்பட்ட ஒரு சிறுவனின் தகப்பனார் வைத்திருக்கும் நோட்டைப் பார்த்தேன். பள்ளிக்கூட நாற்பது பக்க நோட்டு. பெயர், குரூப், போன் நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி. சில பெயர்களுக்கு நேரே 'துபாய் போயிட்டார்' என்று எழுதியிருந்தது. "பழகினவங்ககிட்ட கேட்டுக் கேட்டு, இப்ப என் நம்பரைப் பார்த்தாலே எடுக்க மாட்டேங்குறாங்க சார்" என்றார். தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல் நோயாளிகளிடம் பதில் ரத்தம் கேட்கக் கூடாது, கட்டணமும் வாங்கக் கூடாது என்பது விதி. குளிர்பெட்டி காலியாக இருந்தால் விதியை ஏற்ற முடியாது.

இன்னொன்றும் உண்டு. வாட்ஸ்அப்பில் சுற்றும் 'அவசரம், ஓ நெகட்டிவ் தேவை' செய்திகள். தேதி இருக்காது. மூன்று வருடத்துக்கு முன் அனுப்பிய செய்தி இன்றும் சுற்றும். போன் செய்தால், "அவங்க அப்பவே தவறிட்டாங்க" என்று மறுமுனையில் ஒரு மகன் நூறாவது முறையாகச் சொல்ல வேண்டியிருக்கும். அனுப்புவதற்கு முன் ஒரு போன் செய்து பாருங்கள்.

---
பெட்டிச் செய்தி: யார் கொடுக்கலாம்?

வயது 18 முதல் 65 வரை. முதல்முறை கொடுப்பவர் 60-ஐத் தாண்டியிருக்கக் கூடாது.

எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 12.5 கிராம்.

ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை.

எடுப்பது 350 அல்லது 450 மில்லி. உடலில் இருப்பது ஏறத்தாழ 5 லிட்டர். திரவம் ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணு நிரம்பச் சில வாரங்கள்.

கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தம் தடையல்ல. சர்க்கரைக்கு ஒரே மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பவரும் கொடுக்கலாம். இன்சுலின் போடுபவர் கொடுக்க முடியாது. பச்சை குத்தியவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.
---

மேயில் வறளும் ஊற்று

தமிழ்நாட்டில் தானாக முன்வந்து கொடுப்பவர்கள் குறைவில்லை. நடிகர்களின் பிறந்தநாள், தலைவர்களின் நினைவுநாள், தவ்ஹீத் ஜமாத் முகாம்கள், வாலிபர் சங்கத்து ரத்த தானக் கழகங்கள், கல்லூரி என்.எஸ்.எஸ். என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 'சீமாங்' எனப்படும் அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையங்களில் இரவு பகலாகக் கிடைக்கும் பிரசவச் சிகிச்சைக்குப் பின்னால் அந்த முகாம்களின் ரத்தம் இருக்கிறது. 2001-03-ல் லட்சம் உயிருள்ள குழந்தைப் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்த மாநிலத்தில் 2018-20-ல் அது 54 ஆனது. காரணங்கள் பல. ரத்தம் கையருகே இருப்பது அவற்றில் ஒன்று.

சிக்கல் காலண்டரில் இருக்கிறது. கல்லூரித் தேர்வும் கோடை விடுமுறையும் சேர்ந்து ஏப்ரல், மே மாதங்களில் முகாம்களை நிறுத்திவிடுகின்றன. விபத்துகளுக்கும் பிரசவங்களுக்கும் விடுமுறை கிடையாது. தலைவர் பிறந்தநாளன்று ஒரே இடத்தில் ஐந்நூறு பை சேர்ந்தால், அதில் ஒரு பகுதி பயன்படாமலே கெட்டுப்போகும் அபாயம் உண்டு. முகாம் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அந்த ஐந்நூறு பேரைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்து அனுப்புங்கள். பேனரில் எண்ணிக்கை சிறியதாகத் தெரியும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் டெங்கு வந்தால் தட்டணுவுக்கு அடிதடி. ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு, எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் பெரும்பாலும் தட்டணு ஏற்றத் தேவையில்லை. பதறும் குடும்பம் டாக்டரை நெருக்குகிறது. ஐந்து நாள் ஆயுள் உள்ள அந்தப் பை, கீமோ முடிந்து எண்ணிக்கை அடிமட்டத்தில் கிடக்கும் புற்றுநோயாளிக்குக் கிடைக்காமல் போகிறது.

பக்கத்துத் தீவு செய்தது

2014-ல் உலக ரத்தக் கொடையாளர் நாளை நடத்திய நாடு இலங்கை. அந்த ஆண்டின் கருப்பொருள், தாய்மாரைக் காக்கும் பாதுகாப்பான ரத்தம். அதே ஆண்டில் அந்த நாடு முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடைக்கு வந்து சேர்ந்தது. பதில் ரத்தம் கேட்கும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள்.

வசதியான நாடு என்பதாலா? இல்லை. அங்கே ரத்தம் ஒரே கையில் இருக்கிறது. கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய ரத்த மையத்தைத் தலைமையாகக் கொண்டு, சுகாதார அமைச்சின் கீழ் ஒரே அமைப்பு. இங்கே அரசு வங்கி, தனியார் மருத்துவமனை வங்கி, அறக்கட்டளை வங்கி என்று தனித்தனிக் குளிர்பெட்டிகள். ஒன்றில் வீணாவது இன்னொன்றுக்குத் தெரிவதில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே பலர் தம் பிறந்தநாளிலும், வீட்டில் இறந்தவரின் நினைவுநாளிலும் ரத்தம் கொடுக்கிறார்கள். நாம் திதிக்கு அன்னதானம் செய்வதுபோல அவர்களுக்கு அது. அப்படி ஆண்டு முழுக்கச் சிதறிக்கிடக்கும் தேதிகள்தான் குளிர்பெட்டிக்குத் தேவை.

ஆண்டு தவறாமல் கொடுப்பது என்றதும் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் நினைவுக்கு வருகிறார். பதினான்கு வயதில் மார்பு அறுவைச் சிகிச்சை. யார் யாரோ கொடுத்த ரத்தத்தில் பிழைத்தார். பதினெட்டு ஆனதும் 1954-ல் கொடுக்கத் தொடங்கினார். அவருடைய பிளாஸ்மாவில் அபூர்வமான ஓர் எதிர்ப்புப்பொருள் இருந்தது. நெகட்டிவ் வகைத் தாயின் உடல், பாசிட்டிவ் வகைக் குழந்தையைத் தாக்காமல் தடுக்கும் ஊசி அதிலிருந்து தயாரானது. 2018 வரை 1,173 முறை கொடுத்தார். 24 லட்சம் குழந்தைகள் அதனால் பிழைத்ததாகக் கணக்கு. ஊசி என்றால் அவருக்குப் பயம். ஒருமுறைகூட ஊசி குத்துவதைப் பார்த்ததில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வார். 2025 பிப்ரவரியில், 88 வயதில் தூக்கத்திலேயே இறந்தார்.

---
பெட்டிச் செய்தி: 1952-ன் இரண்டு கண்டுபிடிப்புகள்

பம்பாயில் டாக்டர் ஒய்.எம்.பெண்டேயும் சகாக்களும், ஓ ரத்தம்கூடச் சேராத நோயாளிகளைக் கண்டார்கள். அதுதான் 'பாம்பே' வகை. அந்த வகைக்கு அதே வகை மட்டும்தான் ஏற்ற முடியும். சாதாரணச் சோதனையில் அது ஓ போலவே தெரியும்.

அதே ஆண்டில் நீலகிரிப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல் குறைபாடு கண்டறியப்பட்டது. இந்தியாவில் அது பதிவானது அப்போதுதான். மலையிலிருந்து இறங்கி ரத்தம் தேடும் அந்தக் குடும்பங்களுக்கு ஆள்பலம் இன்னும் குறைவு.
---

மிதக்கும் துளி

முகாம்களின் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களுக்கு மனம் இல்லை என்று சொல்பவர்கள் முகாம் மேசையின் நீலத் திரவத்தைப் பார்த்ததில்லை.

சென்ற மாதம் ஒரு பொறியியல் கல்லூரி முகாமில் அந்த மேசையருகே உட்கார்ந்திருந்தேன். சின்னக் கண்ணாடிக் குவளையில் மயில்துத்தக் கரைசல். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை அதற்குள் விடுவார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்தால் துளி உருண்டையாக அடிக்குப் போய்விடும். குறைவாக இருந்தால் நடுவிலேயே தயங்கி நின்று, மேலே வரும். பையன்களின் துளிகள் கல்லைப் போட்டதுபோல இறங்கின. பெண்களின் துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்தன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்த எண் என் கண்முன்னே குவளைக்குள் மிதந்துகொண்டிருந்தது. பிரசவ மேசையில் ஒரு பெண் இழக்கும் ரத்தத்தைத் தாங்கும் சக்தி அவளுக்கு ஏன் இல்லாமல் போகிறது என்பதற்கும் அதே குவளைதான் பதில். மாதவிலக்கில் போவதை ஈடுகட்டச் சாப்பாட்டில் இரும்புச்சத்து இல்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவளும் அவளே.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. போன வருட முகாமிலும் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். துளி விழுந்தது. பாதிவரை போனது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மேலேறியது.

"போன தடவையைவிடக் கொஞ்சம் கீழே போச்சுல்ல அக்கா?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"போச்சும்மா. மாத்திரை தர்றேன், விடாம சாப்பிடு. டீயோட சேர்த்துச் சாப்பிடாத. மூணு மாசம் கழிச்சு வா."

பக்கத்து மேசையில் தோழிகள் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் போகவில்லை. அங்கேயே நின்று, போனில் காலண்டரைத் திறந்து, மாதங்களை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"மே மாசம் வருதுக்கா. காலேஜ் இருக்காது. எங்க ஊர் ஆஸ்பத்திரியில வந்து கொடுக்கலாமா?"